செடி ஏன் வளைகிறது? விளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜன்னலோரச் செடி வெளிச்சத்தின் பக்கம் சாய்ந்து நிற்பதை எல்லோரும் பார்த்திருப்போம். ஏன் என்று கேட்டால், "அதற்கு வெளிச்சம் வேண்டும், அதனால் திரும்புகிறது" என்பதுதான் பெரும்பாலும் வரும் பதில். அது பொய்யில்லை, ஆனால் விளக்கமும் ஆகாது. சாய்வதால் செடிக்கு என்ன பயன் என்று சொல்கிறதே தவிர, தண்டு எப்படி வளைந்தது என்று சொல்லவில்லை. நிழல் பக்கத்துச் செல்கள் வெளிச்சம் படும் பக்கத்துச் செல்களைவிட அதிகமாக நீள்கின்றன. ஒரு பக்கம் நீண்டால் தண்டு மறுபக்கம் சாய்ந்துதானே ஆக வேண்டும்? வளைவே வளர்ச்சிதான். இதை மறந்துவிடுவதால்தான் மற்ற குழப்பங்களில் பலவும் வருகின்றன.

நிழல் பக்கம் மட்டும் ஏன் அதிகம் நீள்கிறது? தண்டுச் செல்களை நீள வைப்பது ஆக்சின் என்ற தாவர ஹார்மோன். "வெளிச்சம் படும் பக்கத்தில் வெளிச்சம் ஆக்சினை அழித்துவிடுகிறது" என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள். 1957-ல் வின்ஸ்லோ பிரிக்ஸும் உடன் பணியாற்றியவர்களும் சோள நாற்றின் முளைக்குருத்து உறை (இளங்குருத்தை மூடியிருக்கும் உறை) நுனிகளை வைத்து இதைச் சோதித்தார்கள். இருட்டில் வைத்த நுனியிலிருந்தும் ஒருபக்க வெளிச்சத்தில் வைத்த நுனியிலிருந்தும் கிடைத்த மொத்த ஆக்சின் ஏறக்குறைய ஒரே அளவுதான். வெளிச்சம் ஆக்சினை நிழல் பக்கத்துக்கு நகர்த்துகிறது, அவ்வளவுதான்.

ஆக்சினைக் கண்டுபிடித்தவர் டார்வின் என்பதும் தவறு. அவரும் மகன் பிரான்சிஸும் 1880-ல் காட்டியது வேறு: நுனியை மூடிவிட்டால் நாற்று வளைவதில்லை. வெளிச்சத்தை உணரும் இடம் நுனி, வளையும் இடம் அதற்குக் கீழே. அப்படியென்றால் நுனியிலிருந்து ஏதோ ஒரு செய்தி கீழே இறங்க வேண்டும். அந்தச் செய்தி ஒரு வேதிப்பொருள் (அதுதான் ஆக்சின்) என்பதை ஓட்ஸ் நாற்றின் நுனிகளை அகார் என்ற ஜெல்லித் துண்டுகளில் வைத்து 1920-களில் நிரூபித்தவர் பிரிட்ஸ் வென்ட்.

அப்புறம், "ஆக்சின் அதிகமானால் வளர்ச்சியும் அதிகமாகும்" என்ற நம்பிக்கை. மாணவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். ஒரு நாற்றைக் கிடையாகப் படுக்க வையுங்கள். தண்டிலும் சரி, வேரிலும் சரி, ஆக்சின் கீழ்ப்பக்கத்தில்தான் சேர்கிறது. ஆனால் தண்டு மேலே எழுகிறது, வேர் கீழே இறங்குகிறது. காரணம், வேர்ச் செல்கள் ஆக்சினை மிகக் கூர்மையாக உணர்பவை. தண்டை நீள வைக்கும் அளவு வேரின் நீட்சியைத் தடுத்துவிடும். அதனால் வேரின் மேல்பக்கம் அதிகம் நீள, நுனி கீழ்நோக்கி வளைகிறது. எது கீழே என்பது வேருக்குத் தெரிவது வேர்மூடிச் செல்களில் அடியில் படியும் ஸ்டார்ச் மணிகளால்.

இதைச் சோதித்துப் பார்ப்பவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. தொட்டியை ஜன்னலருகே படுக்க வைத்துவிட்டு, தண்டு மேலே வளைந்ததும் "புவியீர்ப்பால் வளைந்தது" என்று எழுதிவிடுவார்கள். மேலிருந்து விழுந்த வெளிச்சம்தான் காரணம் என்று யாராவது சொன்னால் பதில் இருக்காது. இந்தச் சோதனையை முழு இருட்டில் செய்ய வேண்டும். 1806-ல் தாமஸ் நைட் இன்னும் அழகாகச் செய்தார். தண்ணீரால் வேகமாகச் சுழலும் செங்குத்துச் சக்கரத்தில் விதைகளைக் கட்டினார். புவியீர்ப்பின் இடத்தைச் சுழற்சியின் விசை பிடித்துக்கொள்ள, வேர்கள் வெளிப்பக்கமும் தண்டுகள் மையத்தை நோக்கியும் வளர்ந்தன.

தொட்டாற்சிணுங்கி இலை மூடுவதை இந்த வரிசையில் சேர்க்கக் கூடாது. அங்கே செல்களிலிருந்து நீர் வெளியேறி அழுத்தம் குறைகிறது, சற்று நேரத்தில் இலை பழையபடி விரிகிறது. பற்றுக்கம்பி கொம்பைச் சுற்றுவதுதான் தொடுதலுக்கு வளர்ச்சியால் வரும் பதில். சூரியகாந்திப் பூ நாள் முழுக்கச் சூரியனோடு திரும்பும் என்பதும் பாதி உண்மைதான். இளம் செடிதான் திரும்பும். பூ முற்றி, தண்டின் வளர்ச்சி நின்றதும் அது கிழக்கு பார்த்தபடியே நின்றுவிடும்.

செடி வளர்ப்பவர்களுக்கு ஒன்று. இருட்டில் வளர்ந்து வெளிறி நீண்ட நாற்றை "நன்றாக வளர்கிறது" என்று எண்ணி மகிழ வேண்டாம். மண்ணுக்குள் இருந்து வெளிச்சத்தைத் தேடும் முளை போல, விதையின் சேமிப்பைச் செலவழித்து அது நீள்கிறது. வெளிச்சத்துக்கு மாற்றினால் இலை பச்சையாகும், நீண்ட தண்டு குட்டையாகாது. சாய்ந்த செடியும் அப்படித்தான். தொட்டியைத் திருப்பி வைத்தால் இன்னும் வளரும் மேல்பகுதி மறுபக்கம் வளையும். வளர்ந்து முற்றிய அடித்தண்டு சாய்ந்தபடியேதான் இருக்கும். அதனால் நாற்றாக இருக்கும்போதே சில நாட்களுக்கு ஒருமுறை திருப்பி வையுங்கள்.