கோடியக்கரைக்கு டென்ட் தூக்கிட்டுப் போறீங்களா, இந்தத் தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

வேளச்சேரியில இருக்கிற தம்பி ஒருத்தன் போன வாரம் போன் பண்ணி, "அண்ணே, லாங் வீக்கெண்ட் வருது, கோடியக்கரை பீச்லயே டென்ட் போட்டுத் தங்கிடலாமா, கேம்ப் ஃபயர் எல்லாம் போட்டு?"ன்னு கேட்டான். வருஷத்துக்கு நாலு பேராவது இதையே கேக்குறாங்க, அதான் ஒரே தடவையா எழுதிடலாம்னு.

தப்பு அந்தக் கேள்வியிலயே ஆரம்பிக்குது. ஈசிஆர்ல முட்டுக்காடு தாண்டி ஏதோ ஒரு தோப்பு பீச்ல தங்குற மாதிரி நெனச்சுட்டுப் போறோம், ஆனா அது சரணாலயம். 1967ல வெளிமான (இங்கிலீஷ்ல பிளாக்பக்) காப்பாத்துறதுக்காகவே அறிவிச்ச காடு, பறவைங்க வர்ற சதுப்பு நிலத்தையும் சேத்து 2002ல ராம்சார்ங்கிற உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களோட பட்டியல்ல வந்த இடம். அனுமதி இல்லாம உள்ள போறதே 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குத்தம், காட்டுக்கு ஆபத்து வர்ற மாதிரி நெருப்பு மூட்டுறதும் குத்தம், குப்பை போடுறது கூட அந்தச் சட்டத்துல இருக்கு. அதனால சரணாலயத்துக்குள்ள ராத்திரி நம்ம இஷ்டத்துக்கு டென்ட், கேம்ப் ஃபயர்ங்கிற பேச்சே வேண்டாம்.

நாங்க முதல் தடவ போனப்ப இது எதுவுமே தெரியாது. காலைல டிபன் சாப்ட்டு நிதானமா பத்து மணிக்கு அடையார்ல இருந்து கெளம்பி, பாண்டில ஒரு மணி நேரம், காரைக்கால்ல டீ, நாகப்பட்டினத்துல வண்டிக்கு டீசல்னு போய்ச் சேரும்போது பொழுது சாஞ்சிருச்சு. வனக் காவலர் ஒருத்தர் வந்து டிக்கில இருந்த டென்ட் பையப் பாத்தாரு. "சார், இங்க தங்கக்கூடாது சார், இனிமே உள்ளயும் விடமாட்டாங்க, வேதாரண்யம் போயிடுங்க"ன்னு தன்மையாத்தான் சொன்னாரு. அன்னிக்கு முகூர்த்த நாள் வேற, வேதாரண்யத்துல ராத்திரி ஒம்போதரை வரைக்கும் ரூம் தேடினோம், கூட வந்த ஃப்ரெண்டோட பொண்ணு அஞ்சு வயசு, கார்லயே தூங்கிப்போச்சு. சென்னையில இருந்து சுமார் 350 கிலோமீட்டர், இத ஒரு பகல்ல ஊர் சுத்திட்டே போய் சாயங்காலம் மான் பாத்துடலாம்னு போட்ட கணக்குதான் தப்பு. விடிகாலை நாலு மணிக்குக் கெளம்புங்க, இல்லன்னா முதல் நாள் பயணத்துக்கு மட்டும்னு வச்சுக்கிட்டு மறுநாள் காலைல காட்டுக்குப் போங்க.

தங்குறதுக்கு வழி இல்லாம இல்ல. பூநாரை இல்லம்னு வனத்துறையோட விடுதி இருக்கு, நாகப்பட்டினம் வன உயிரினக் காப்பாளர் ஆபீஸ்ல முன்னாடியே பேசி வச்சுக்கணும். டென்ட்லதான் படுக்கணும்னு ஆசையா இருந்தா சரணாலயத்துக்கு வெளிய, வேதாரண்யம் பக்கம் தெரிஞ்சவங்க யாராவது தோப்பு வச்சிருந்தா அவங்ககிட்ட கேட்டுட்டுப் போடுங்க. நாங்க இப்ப அப்படித்தான் பண்றோம், நான் மனசாரச் சொல்றதும் அதத்தான்.

அடுத்து சீசன். இதுலதான் நெறைய பேர் ஏமாறுறாங்க. "அக்டோபர்ல இருந்து பறவை வரும்"னு எங்கயோ படிச்சுட்டு தீபாவளி லீவுல டிக்கெட் போட்டுடுறாங்க. பறவை வரும்தான், ஆனா அந்தக் கரைக்கு வடகிழக்குப் பருவமழையும் அப்பதானே வரும், நவம்பர்ல வானத்த நம்பி ஒண்ணும் பண்ண முடியாது. 2018 நவம்பர் 16 விடியக்காலைல கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுலதான் கரை கடந்துச்சு, காட்டுல மரம் சாஞ்சு மான், குதிரை எல்லாம் செத்துச்சு, அந்தப் பக்கம் தென்னந்தோப்புங்க அப்படியே படுத்துருச்சு. அந்த மாசத்துல மெல்லிசு துணி கூடாரத்துல புள்ளைங்கள படுக்க வைக்க எனக்கு மனசே வராது. பொங்கல் முடிஞ்சு பிப்ரவரி வரைக்கும் போங்க. அதுலயும் தை அமாவாசைய விட்டுடுங்க, ஆதிசேதுன்னு கடல்ல குளிக்க அவ்ளோ ஜனம் வரும், ரூமும் கெடைக்காது, மானும் பக்கத்துல நிக்காது.

டென்ட் போடுறப்ப நடக்கிறது தனிக் கதை. தென்னமரத்துக்கு நேர் கீழ போடாதீங்க, காய் விழலன்னாலும் மட்டை விழும், ஒரு மட்டை என்ன கனம்னு தூக்கிப் பாத்தவங்களுக்குத் தெரியும். டென்ட்டோட குடுக்கிற குச்சி ஆணி இருக்கே, அது மண்தரைக்குத்தான், கடலோர மணல்ல அடிச்சா காத்து ஒரு இழுப்பு இழுத்தா பல்லு புடுங்குன மாதிரி வந்துரும். நாலு பழைய அரிசிப்பை எடுத்துட்டுப் போங்க, மணல நெரப்பி வாய இறுக்கிக் கட்டி, டென்ட் கயித்த அந்தப் பைல முடிச்சுப் போட்டு, முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டிப் பைய பொதச்சு மேல மிதிச்சு விட்டுடுங்க, அசையாது. குளுருதுன்னு ஜிப் எல்லாத்தையும் மூடிட்டுப் படுக்கிறதும் தப்பு. தை மாசப் பனில வெளிய துணி ஜில்லுன்னு இருக்கும், உள்ள நாலு பேரு மூச்சு வேற, விடியக்காலைல கூரைல இருந்து சொட்டு சொட்டா மூஞ்சில விழும். கொசுவலைய மட்டும் மூடி ரெண்டு பக்கமும் காத்து போக விடுங்க. காலைல ஷூவ ஒதறிட்டுப் போடுங்க, ராத்திரி ஒண்ணுக்குப் போனாலும் டார்ச் இல்லாம காலு வைக்காதீங்க, கண்ணாடி விரியன் இருக்கிற ஊரு. கடிச்சிருச்சுன்னா கத்தியால கீறுறது, இறுக்கிக் கட்டுறது எதுவும் வேண்டாம், கடிபட்ட ஆள நடக்க விடாம 108 கூப்பிட்டு நேரா அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க. குடிக்கத் தண்ணி கேன் கையோட வச்சுக்கங்க, கடலோரத்துல நெறைய எடத்துல கெணத்துத் தண்ணி உப்புக்கரிக்கும்.

காட்டுக்குள்ள சாப்பாட்டுப் பொட்டலத்த கைல வச்சுட்டு நடக்காதீங்க, கொரங்கு பாத்துட்டே இருக்கும். பாவம்னு பிஸ்கட் போடவும் வேண்டாம். புள்ளிமான் வயித்துல பிளாஸ்டிக் கவர் இருந்த செய்திய நாம சென்னையிலயே படிச்சிருக்கோம், அதே மானு அங்கயும் இருக்கு, அதனால ஒரு சாஷே கூட கீழ போடாம பைலயே போட்டுக் கொண்டாந்துடுங்க.

பூநாரை, அதான் ஃபிளமிங்கோ, பீச்ல நிக்கும்னு தேடாதீங்க. அது சதுப்பு நிலத்துல, ரொம்ப தூரத்துல நிக்கும், வெறும் கண்ணுக்கு வெள்ளையா ஒரு கோடு மாதிரிதான் தெரியும். ஒரு பைனாகுலர் கடன் வாங்கியாவது எடுத்துட்டுப் போங்க. போன்ல பெருசா எடுக்கணும்னு சேத்துல எறங்கிக் கிட்டப் போனா மொத்தக் கூட்டமும் எழுந்துரும், எங்கெங்கிருந்தோ பறந்து வந்து எர தின்னுட்டு இருக்கிறத நாம ஒரு போட்டோவுக்காக ஓட விடுறது எனக்குத் தாங்கமுடியாது. வெளிமானும் அப்படித்தான், காலைல வெயில் ஏறுறதுக்கு முன்னாடி புல்வெளி ஓரமா வண்டிய நிறுத்தி இன்ஜின ஆஃப் பண்ணி பேசாம இருங்க. கருப்பு முதுகும் வெள்ள வயிறுமா, முறுக்கின கொம்போட கிடா தலைய தூக்கி நம்மளப் பாக்கும், பத்து நிமிஷம் அசையாம இருந்தா மறுபடி குனிஞ்சு மேய ஆரம்பிச்சுரும்.

தம்பிகிட்ட பிப்ரவரி ரெண்டாவது வாரம் போலாம்னு சொல்லிட்டேன், அரிசிப்பை அவன் கொண்டு வர்றான், தோப்புக்காரர்கிட்ட நான் பேசிட்டேன்.