தொண்டை கட்டியதற்குக் காரணம் தொண்டை இல்லை

வடசென்னையில் வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு என்று கானா பாடித்தான் என் பிழைப்பு. போன ஆடியில் கூழ் வார்க்கும் திருவிழாக்கள் வரிசையாக வந்தன. 3-வது ராத்திரி, பல்லவி எடுத்ததுமே குரல் உடைந்துவிட்டது.

மிளகு, பனங்கற்கண்டுப் பால் எதுவும் கேட்கவில்லை. பேசக்கூடாது என்று கிசுகிசுத்துக்கொண்டிருந்தேன். அதுவும் தொண்டைக்குச் சிரமம்தான் என்றார் மருத்துவர். சரி, 4 நாள் முழு மௌனம். குரல் திரும்பியது.

ஆனால் ஏன் கட்டியது? டோலக் அண்ணன்தான் பிடித்தார். ஸ்பீக்கர் எல்லாம் ஜனங்களைப் பார்த்து இருக்கும். என் முதுகுக்குப் பின்னால் டோலக்கும் சட்டி மேளமும். என் குரல் என் காதிலேயே விழாமல் கத்தியிருக்கிறேன். "ஒரு காதைப் பொத்திக்கிட்டுப் பாடு தம்பி" என்றார். பாதி பலத்திலேயே சுருதி நின்றது!

இப்போது சின்ன மானிட்டர் ஒன்றை, அதாவது என் குரலை எனக்கே கேட்கவைக்கும் ஸ்பீக்கரை, என்னைப் பார்த்தபடி, மைக்கின் முதுகுப் பக்கம் வைக்கச் சொல்கிறேன். மைக்கின் வாய்ப்பக்கம் வைத்தால் ஊளையிடும். அப்புறம் சுருதியையும் 6 கட்டையிலிருந்து 5 கட்டைக்கு இறக்கினேன். மனசு லேசில் ஒப்பவில்லை, உச்சத்தில் நின்றால்தான் பாட்டு என்று வளர்ந்தவன் நான். ஆனால் கானாவுக்குச் சொல் புரிய வேண்டுமே. போன வாரம் காசிமேட்டில் விடிகாலை 4 மணிக்குப் பாடிய கடைசிப் பாட்டிலும் ஒரு வார்த்தை மழுங்கவில்லை.