லடாக்ல பாங்காங் ஏரி போறவங்க மொதல்ல லே நகரத்துல ரெண்டு நாள் தங்குங்க
லடாக் பிளான் போடுறவங்க ஃபிளைட்ல லே இறங்கின மறுநாளே பாங்காங் கிளம்பிடாதீங்க ப்ளீஸ், லே-யே 3,500 மீட்டர் உயரம், ஏரி 4,200-க்கும் மேல, நடுவுல சாங் லா கணவாய் 5,300-ஐத் தாண்டும், அதனால முழுசா ரெண்டு நாள் லே-ல ஓய்வெடுத்து தண்ணி நல்லா குடிச்சு உடம்பைப் பழக்கிட்டுப் போங்க. சாங் லா-ல போட்டோ எடுத்துட்டு உடனே வண்டில ஏறிடுங்க. தலைவலியோட குமட்டலும் வந்தா மேல ஏறவே கூடாது, கீழ இறங்குறதுதான் வைத்தியம், மாத்திரை போட்டு சமாளிக்கப் பாக்காதீங்க.

ஏரிக்கரை ஊர்கள்ல கூட்டமெல்லாம் லுகுங், ஸ்பாங்மிக் பக்கம்தான், அதைத் தாண்டி மேராக் கிராமம் வரைக்கும் போங்க, அமைதியா இருக்கும், வெயில் ஏற ஏற தண்ணி கருநீலத்துலேர்ந்து பச்சைக்கு மாறுறத ஒக்காந்து பாக்கலாம். ஜூன்லயும் ராத்திரி குளிர் கடுமை, தெர்மல் (உள்ள போடுற குளிர் உடுப்பு) கட்டாயம்.