சீன மாணவருக்கு ஆங்கில டியூஷன்: முதல் சில வாரங்களில் என்ன செய்வது?

சிங்கப்பூரில் டியூஷன் எடுக்கும் தமிழர்களுக்குச் சீனாவிலிருந்து வந்த பிள்ளைகள் மாணவர்களாக வருவது புதிதல்ல. உள்ளூர்ப் பள்ளியில் சேர, வெளிநாட்டு மாணவர்களுக்கான சேர்க்கைத் தேர்வான ஏஇஐஎஸ் எழுத வேண்டும். அதில் ஆங்கிலமும் கணிதமும்தான் பாடங்கள். கணிதத்தைப் பெரும்பாலும் பிள்ளையே பார்த்துக்கொள்ளும். ஆங்கிலத்துக்குத்தான் அம்மாக்கள் ஆள் தேடுவார்கள். சீனாவில் மூன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலம் தொடங்கிவிடுவதால் அடியோடு தெரியாது என்று யாரும் வருவதில்லை. சொல் நிறையத் தெரிந்திருக்கும், இலக்கண விதியைக் கேட்டால் ஒப்பிக்கும். நாலு வரி சொந்தமாக எழுதச் சொன்னால்தான் பென்சில் நின்றுவிடும்.

பத்திலிருந்து பதினான்கு வயதுக்குள் இப்படி ஒரு மாணவரை முதன்முறையாக எடுத்துக்கொள்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களுக்குச் சீனம் பேசத் தெரியாவிட்டால் பரவாயில்லை. சீன வாக்கியம் எந்த வரிசையில் நடக்கிறது என்று மட்டும் தெரிந்திருக்க வேண்டும். பிழைகளில் பெரும்பகுதி அங்கிருந்துதான் கிளம்புகிறது. இதில் நமக்கு ஒரு வசதியும் உண்டு. சில இடங்களில் தமிழும் சீனமும் ஒரு பக்கம் நிற்கும், ஆங்கிலம் எதிர்ப்பக்கம் நிற்கும். அந்த இடங்களில் ஆங்கிலம் மட்டுமே அறிந்த ஆசிரியரைவிட நமக்குச் சுலபமாக விஷயம் பிடிபடும்.

படி 1: முதல் வகுப்பில் பாடம் நடத்தாதீர்கள்

நேற்று என்ன செய்தாய் என்று ஐந்து வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள். போனில் பதிவுசெய்துகொள்ளுங்கள். பிறகு அதையே எழுதச் சொல்லுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பேசும்போது "ஐ வாக் டு ஸ்கூல்" என்று சொன்ன பிள்ளை, எழுதும்போது சரியாக "வாக்ட்" என்று எழுதியிருந்தால் அது இலக்கணக் கோளாறு அல்ல, உச்சரிப்பு. சீனப் பொதுமொழியான மாண்டரினில் ஓர் அசை உயிரொலியில் முடியும். இல்லாவிட்டால் 'ன்', 'ங்' ஒலியில் முடியும். வடக்கத்திப் பேச்சில் 'ர்' சேரும். க், ட், ஸ் என்று முடியும் பழக்கமே அந்த வாய்க்கு இல்லை. எழுத்திலும் "வாக்" என்றே இருந்தால்தான் இலக்கணம் நடத்த வேண்டும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல், வாயில் இருக்கும் சிக்கலுக்கு வாரக்கணக்கில் பயிற்சித்தாள் கொடுக்கும் டியூஷன்கள் நிறைய. உச்சரிப்புக்கு மருந்து தினமும் பத்து வரி உரக்க வாசிப்பது, அவ்வளவுதான்.

இன்னொன்று, "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள். புரிந்தது என்றுதான் பதில் வரும். செய்துகாட்டச் சொல்லுங்கள்.

படி 2: காலம் காட்டும் வினை

சீன வினைச்சொல் காலத்துக்கு ஏற்ப உருமாறாது. போனேன், போகிறேன், போவேன் எல்லாவற்றுக்கும் அதே "ச்சு"தான். நேற்று, நாளை என்ற சொல்லே காலத்தைச் சொல்லிவிடும். அதனால் "யெஸ்டர்டே ஐ கோ டு தி லைப்ரரி" என்ற வாக்கியத்தில் என்ன குறை என்று பிள்ளைக்கு உண்மையிலேயே தெரியாது. யெஸ்டர்டேதான் இருக்கிறதே!

இங்கே தமிழை நம்பி இறங்கினால் ஏமாறுவோம். வினைக்குள்ளேயே காலம் உட்கார்ந்திருப்பது நமக்கு இயல்பு என்பதால், இது எப்படி விட்டுப்போகிறது என்று எரிச்சல்தான் வரும்.

பயிற்சி இது. ஆறேழு வரியில் ஒரு பத்தி எழுதிக்கொடுங்கள். முதலில் காலச் சொற்களை மட்டும் வட்டமிடச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு வட்டத்திலிருந்தும் அதற்குரிய வினைக்கு ஓர் அம்புக்குறி. அம்பு போய்ச் சேர்ந்த வினையை மாற்றி எழுத வேண்டும். அதே பத்தியை மறுநாள் 'நாளை' என்று மாற்றிக் கொடுங்கள். அடுத்து, காலச் சொல் முதல் வரியில் மட்டும் இருக்கும் பத்தி. இங்கேதான் பலர் வழுக்குவார்கள்: முதல் வினையை மாற்றிவிட்டு மற்றதை அப்படியே விட்டுவிடுவார்கள். முதல் வட்டத்திலிருந்தே எல்லா வினைகளுக்கும் அம்பு போட வையுங்கள்.

சீனத்தில் "லெ" என்று ஒரு சிறு சொல் உண்டு. இறந்தகாலத்துக்கு அதுதான் அடையாளம் என்று மாணவரே சொல்லக்கூடும். அதை ஏற்காதீர்கள். செயல் முடிந்தது என்பதைத்தான் அது காட்டும். "நாளை சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவேன்" என்பதிலும் சீனர் "லெ" போடுவார். நம் 'விட்டு' மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். "லெ" வந்த இடமெல்லாம் இறந்தகாலம் என்று எழுதும் பிள்ளையின் கட்டுரையில் நாளைக்கு நடக்கப்போவதும் நடந்து முடிந்திருக்கும்.

படி 3: சின்ன விஷயங்கள், சீக்கிரம் முடியுங்கள்

ஹி, ஷி குழப்பம்: பேச்சில் அவன், அவள், அது மூன்றுக்கும் சீனத்தில் "தா" என்ற ஒரே ஒலி. எழுத்தில்தான் வேறுபாடு. எனவே அம்மாவை "ஹி" என்று சொன்னால் திருத்தி விளக்கவுரை ஆற்ற வேண்டாம், விதி அந்தப் பிள்ளைக்குத் தெரியும். குடும்பப் படம் ஒன்றை வைத்து வேகவேகமாகக் கேள்வி கேளுங்கள், வாய் பழகட்டும்.

எ, தி: சீனத்திலும் இல்லை, தமிழிலும் இல்லை. முதல் மாதத்துக்கு ஒரே விதி போதும்: முதன்முதலில் சொல்லும்போது "எ", அதையே மறுபடி சொன்னால் "தி". விதிவிலக்குப் பட்டியலை எடுத்து நீட்டினால் பிள்ளை அதை மனப்பாடம் செய்துவிட்டு எழுதும்போது மறந்துவிடும்.

இணைப்புச் சொல்: "யின்வெய்... சுவோயி" என்று சீனத்தில் காரணத்துக்கு இரண்டு சொல் ஜோடியாக வரும். 'இருந்தாலும்... ஆனால்' என்ற பொருளில் வரும் "சுய்ரான்... தான்ஷி"யும் அப்படியே. அதனால்தான் "பிகாஸ் இட் ரெய்ன்ட், ஸோ ஐ ஸ்டேட் ஹோம்" வருகிறது. ஜோடியில் ஒன்றை அடிக்கச் சொல்லுங்கள். எதை அடித்தாலும் சரி. இரண்டும் சரியாக வருவதைப் பார்த்ததும் பிள்ளைக்குச் சிரிப்பு வரும். அதற்குப் பிறகு மறக்காது.

படி 4: சொல்லைத் தனியே படிக்க விடாதீர்கள்

அகரவரிசைப் பட்டியலை வைத்துச் சொல் மனப்பாடம் செய்வது சீன மாணவர்களிடையே பெரிய பழக்கம். பட்டியலில் முதலில் கண்ணில் படுவது "அபாண்டன்", அதாவது கைவிடுதல். முதல் சொல்லோடே படிப்பைக் கைவிடுவது பற்றி அவர்களுக்குள்ளேயே பழைய நகைச்சுவை ஒன்று ஓடுகிறது.

பட்டியலால் வரும் சிக்கல், ஒரு சீனச் சொல்லுக்கு ஓர் ஆங்கிலச் சொல் என்று மனதில் பதிந்துவிடுவது. "கான்" என்ற வினையைப் பாருங்கள். புத்தகத்தையும் கான், டிவியையும் கான், நண்பனையும் கான், டாக்டரிடம் போவதும் கான். ஆங்கிலத்தில் ரீட், வாட்ச், விசிட், ஸீ என்று நான்காகப் பிரியும். "ஜியே" என்றால் கடன் வாங்குவதும் கொடுப்பதும். பாரோ, லெண்ட் குழப்பம் அங்கிருந்து. விளக்கைப் போடுவதும் கதவைத் திறப்பதும் "காய்" என்பதால் "ஓப்பன் தி லைட்" வரும். இதைச் சிங்கப்பூர் காப்பிக் கடையில் யாரும் திருத்தமாட்டார்கள், தேர்வுத்தாளில் திருத்துவார்கள்.

நோட்டில் ஒரு பக்கத்தின் நடுவே ஒரு சீன வினை. அதைச் சுற்றி அது சேரும் பொருள்கள். ஒவ்வொன்றுக்கும் ஆங்கில வினையைத் தேடி எழுதுவது மாணவரின் வேலை. வாரத்துக்கு இரண்டு பக்கம் போதும். சீன வினையைப் பிள்ளையே எழுதட்டும். உங்களுக்குப் படிக்கத் தெரியவில்லை என்றால் போனில் பிளெகோ அகராதி இருக்கிறது.

அடுத்தது சொல்லை உடைப்பது. சீனத்தில் "தியென்" என்றால் மின்சாரம். அதோடு மூளை சேர்ந்தால் கணினி, நிழல் சேர்ந்தால் சினிமா, ஏணி சேர்ந்தால் லிஃப்ட். மின்விசிறி, மின்தூக்கி, மின்னஞ்சல் என்று நாம் கட்டுவதும் இப்படித்தானே. துண்டுகளைச் சேர்த்துப் பொருள் காண்பது இந்தப் பிள்ளைகளுக்குக் கைவந்த கலை. அதை ஆங்கிலத்துக்குத் திருப்பிவிடுங்கள்: முன்னால் "அன்", "ரீ", "மிஸ்", பின்னால் "லெஸ்", "ஃபுல்", "நெஸ்". "கேர்" என்ற ஒரு சொல்லிலிருந்து எத்தனை கட்ட முடிகிறது என்று போட்டி வையுங்கள்.

படி 5: வாசிப்பு

அதிக நேரம் ஒதுக்க வேண்டியது இங்கேதான். நூறு, நூற்றைம்பது சொல்லுக்குள் ஒரு பத்தி எடுங்கள். எளிய ஆங்கில விக்கிப்பீடியாவில் பாண்டா, சீனப் பெருஞ்சுவர் என்று தெரிந்த பொருளாக எடுத்தால் தொடங்கச் சௌகரியம். அகராதிக்கும் போனுக்கும் முதல் பத்து நிமிடம் தடை.

முதல் வாசிப்பில் பெரிய எழுத்தில் தொடங்கும் பெயர்களை மட்டும் கோடிடட்டும். சீன எழுத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேச்சே இல்லை. வாக்கிய நடுவில் வரும் ஓர் ஊர்ப் பெயரை அகராதியில் தேடிக்கொண்டு நேரத்தை விடுவார்கள்.

இரண்டாம் வாசிப்பில் யார், என்ன செய்தார் என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் கண்டுபிடிக்க வேண்டும். கேட்க எளிது. இந்த வாக்கியத்தைக் கொடுத்துப் பாருங்கள்:

"தி பாய் ஹூ லிவ்ஸ் அபவ் அவர் ஷாப் பாட் எ ரெட் பைக்."

சைக்கிள் வாங்கியது யார்? ஷாப் என்று பதில் வருவதைப் பலமுறை பார்க்கலாம். "ஷாப் பாட்" என்று இரண்டும் ஒட்டி நிற்கின்றனவே. தமிழில் சொல்லுங்கள்: "எங்கள் கடைக்கு மேலே குடியிருக்கும் பையன் சிவப்பு சைக்கிள் வாங்கினான்." விவரமெல்லாம் பையனுக்கு முன்னால் வந்துவிட்டது, பையனும் அவன் செயலும் பிரியவில்லை. சீனத்திலும் அதே ஏற்பாடுதான்: விவரம் முழுக்க முன்னால், பிறகு "தெ" என்ற ஒட்டு, பிறகு பையன். ஆங்கிலம் பையனை முதலில் சொல்லிவிட்டு, விவரத்தை நடுவில் செருகி, வினையைத் தள்ளிவைக்கிறது.

எனவே ஹூ, விச், தட் வரும் இடத்தில் அடைப்புக்குறியைத் திறக்க வேண்டும். எங்கே மூடுவது என்பதுதான் பயிற்சி. "ஹூ"வுக்குப் பிறகு வரும் முதல் வினை "லிவ்ஸ்", அது "ஹூ"வுக்குச் சொந்தம். இரண்டாவது வினை "பாட்". அதற்கு முன்னால் மூடு. அடைப்புக்குள் இருப்பதைக் கையால் மறைத்து மிச்சத்தை வாசித்தால் "தி பாய் பாட் எ ரெட் பைக்". இந்தக் கணக்கு "ஹூ"வே எழுவாயாக நிற்கும்போதுதான் சரிவரும். "தி புக் தட் ஐ பாட் யெஸ்டர்டே இஸ் லாஸ்ட்" போன்றவற்றை அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மூடத் தெரிந்த பிறகு தலைகீழாக ஒரு பயிற்சி: பிள்ளை சீனத்தில் ஒரு நீள வாக்கியம் எழுதட்டும், "தெ"க்கு முன்னால் இருப்பதற்கு அடிக்கோடு போடட்டும், அதைத் தூக்கிப் பெயருக்குப் பின்னால் "ஹூ" போட்டு வைக்கட்டும்.

மூன்றாம் வாசிப்பில்தான் கேள்விகள். பதிலுக்கு ஆதாரமான வரியை விரலால் காட்டாமல் விடை சொல்லக் கூடாது என்று கண்டிப்பாக இருங்கள்.

படி 6: எண்ணும், ஆமாம்-இல்லையும்

பத்தியில் பெரிய எண் வந்தால் நல்ல மாணவரும் தவறுவார். சீனத்தில் பத்தாயிரத்துக்கு "வான்", பத்துக் கோடிக்கு "யீ". 60 லட்சம் என்பது அவர்களுக்கு 600 வான், ஆங்கிலத்தில் 6 மில்லியன். 140 கோடி என்பது 14 யீ, ஆங்கிலத்தில் 1.4 பில்லியன். லட்சம், கோடியிலிருந்து மில்லியனுக்கு மாறப் பாடுபட்ட நமக்கு இது புரியாதா என்ன? சுழிகளை எழுதி, மூன்று மூன்றாகக் கோடு போட்டுப் பிரிக்கப் பழக்குங்கள்.

"டோன்ட் யூ லைக் டுரியான்?" என்று கேளுங்கள். பிடிக்காத பிள்ளை "யெஸ், ஐ டோன்ட்" என்று சொல்லும். பிடிக்காதா என்றால் "ஆமாம், பிடிக்காது" என்று நாமும்தானே சொல்கிறோம். ஆங்கிலத்தில் கேள்வியைப் பார்க்காமல் பதிலின் வினையைப் பார்க்க வேண்டும்: "டோன்ட்" என்றால் முன்னால் "நோ". சரியா தவறா வகைக் கேள்விகளில் இதனால் போகும் மதிப்பெண் கொஞ்சநஞ்சமல்ல.

கொஞ்சம் பெரிய பிள்ளை என்றால்

பதினாறு வயதுக்கு மேல், சீனாவின் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வான காவ்காவை மனதில் வைத்துப் படிப்பவர் வந்தால், அதன் பழைய வினாத்தாளே நல்ல பயிற்சி நூல். ஆங்கிலத்துக்கு 150 மதிப்பெண். புதிய தேசிய வினாத்தாளில் வாசிப்புப் பகுதிக்கு மட்டும் 50. அதில் "ஏழில் ஐந்து" என்றொரு கேள்வி உண்டு: பத்தியில் ஐந்து வாக்கியங்கள் விடுபட்டிருக்கும், கொடுத்த ஏழிலிருந்து பொருத்த வேண்டும், இரண்டு மிஞ்சும். முதலில் இதை எடுங்கள். வாக்கியத்துக்கு வாக்கியம் எப்படிக் கைகோக்கிறது என்று பிள்ளை பார்க்கத் தொடங்கும். பிறகு பத்து இடம் விட்ட இலக்கணப் பத்தி. அதில் சில இடங்களில் அடைப்புக்குள் சொல் கொடுத்திருப்பார்கள், வடிவத்தை மாற்றினால் போதும். சில இடங்களில் எதுவும் இருக்காது. வெற்றாக விட்ட இடங்களில் பெரும்பாலும் எ, தி, முன்னிடைச்சொல், இணைப்புச்சொல் ஆகியவைதான் விடை. படி 3-இல் அவசரமாகத் தாண்டியதை இந்தக் கட்டத்தில் நிதானமாக எடுத்துக்கொள்ளலாம்.