வேர்டில் பிரெஞ்சு எழுத்துகள்: கையிருக்கும் இடத்திலேயே

புதுச்சேரியில் பிறப்புச் சான்றிதழ்களைப் பிரெஞ்சில் பெயர்த்துத் தட்டச்சு செய்வது என் தொழில். ஒருவருடைய பெயரில் எழுத்துக்கு மேலோ கீழோ இருக்கும் குறியை விடக் கூடாது. அது அவர் பெயர். குறியுள்ள எழுத்தை இணையத்தில் தேடி ஒட்டினால் எழுத்துருவும் மாறிவிடும். விண்டோஸ் வேர்டில் அதற்குத் தேவையே இல்லை.

பாண்டிச்சேரி, மாஹே இரண்டையும் பிரெஞ்சில் எழுதினால், 'ஏ' என்று ஒலிக்கும் ஈ (e) எழுத்தின் மேல் வலப்பக்கம் ஏறும் சாய்கோடு வேண்டும். கண்ட்ரோலோடு ஒற்றை மேற்கோள் விசையை அழுத்தி, இரண்டையும் விடுங்கள். திரையில் ஒன்றும் வராது, அதுதான் சரி. அப்புறம் ஈ தட்டுங்கள். பெரிய எழுத்துக்கு ஷிப்ட்டோடு ஈ.

மற்ற குறிகளும் இப்படித்தான், விசைகளை விட்ட பிறகு எழுத்து. இடப்பக்கச் சாய்வுக்கு, கண்ட்ரோலோடு 1-க்கு இடப்புற விசை. கூரைக் குறிக்கு கண்ட்ரோல், ஷிப்ட், 6. இரட்டைப் புள்ளிக்கு கண்ட்ரோல், ஷிப்ட், முக்காற்புள்ளி. பிரான்சுவா மார்த்தேன் தெருவின் பெயரில் சி (c) எழுத்துக்குக் கீழே வால் உண்டு: கண்ட்ரோல், காற்புள்ளி, பிறகு சி.

இவை வேர்டுக்கானவை, நோட்பேடில் எடுபடாது. அங்கே நம்லாக்கைப் போட்டு, ஆல்ட்டைப் பிடித்தபடி வலப்பக்க எண் பலகையில் 0233 தட்டினால் மாஹேயின் ஈ வரும். 0231 வால் வைத்த சி. மேல்வரிசை எண்களில் இது நடக்காது. எண் பலகை இல்லாத மடிக்கணினி என்றால், வேர்டில் தட்டி நகலெடுப்பதே எளிது.