நாட்டின் கார்பன் குறைப்புத் திட்டத்தைக் கணக்குப் பார்ப்பது எப்படி

அரசின் காலநிலைத் திட்டம் எந்த நாட்டுடையதாக இருந்தாலும் நான் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிக்க ஆரம்பிப்பேன். வேலையில் இருந்த காலமெல்லாம் கணக்குத் தணிக்கை பார்த்தவள், அந்தப் பழக்கம் போகவில்லை. முன்னுரை எழுதுபவர் அமைச்சர். பின்னிணைப்பில் இருக்கும் அட்டவணைகளைப் போடுபவர் பெயர் தெரியாத ஓர் அதிகாரி. என்ன நடக்கப் போகிறது என்பதை அந்த அதிகாரியின் அட்டவணைதான் சொல்லும், அங்கே அட்டவணையே இல்லையென்றால் அதுவும் ஒரு தகவல்தான். இதைப் படிக்க அறிவியல் பட்டம் வேண்டாம். கூட்டல், பெருக்கல், சதவீதம் தெரிந்தால் போதும், அப்புறம் பொறுமை.

முதலில் நான்கு ஆவணங்களை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். 2015 பாரிஸ் ஒப்பந்தப்படி ஒவ்வொரு நாடும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஐ.நா.விடம் தரும் உறுதிமொழி முதலாவது, எல்லாரும் என்டிசி என்று சொல்வது இதைத்தான். எந்தத் துறையிலிருந்து எவ்வளவு வாயு வெளியேறுகிறது என்ற உமிழ்வுக் கணக்கெடுப்பு இரண்டாவது. நூற்றாண்டின் நடுப்பகுதியையும் அதற்கு அப்பாலும் பார்க்கும் நீண்டகால உத்தி மூன்றாவது. நான்காவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்: அந்த ஆண்டின் பட்ஜெட்.

மேடையில் சொன்னதையும் எழுதிக் கொடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பது முதல் வேலை. 2021 நவம்பரில் கிளாஸ்கோவில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் இந்தியப் பிரதமர் ஐந்து அறிவிப்புகள் செய்தார். 2030க்குள் புதைபடிவ எரிபொருள் சாராத மின் திறன் 500 ஜிகாவாட், எரிசக்தித் தேவையில் 50 சதவீதம் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து, 2030 வரை எதிர்பார்க்கப்படும் மொத்த உமிழ்வில் 100 கோடி டன் குறைப்பு, பொருளாதாரத்தின் உமிழ்வுச் செறிவில் 45 சதவீதம் குறைப்பு, 2070இல் நிகர பூஜ்ஜியம், அதாவது வெளியேறும் வாயுவும் உறிஞ்சப்படும் வாயுவும் சமமாகும் நிலை. 2022 ஆகஸ்டில் இந்தியா ஐ.நா.வுக்கு அனுப்பிய என்டிசியில் இலக்காக வந்தவை 45 சதவீதமும் 50 சதவீதமும். 500 ஜிகாவாட்டும் 100 கோடி டன்னும் அதில் இலக்குகளாக இல்லை. அந்த 50 சதவீதமும் ‘எரிசக்தித் தேவை’ என்பதிலிருந்து ‘மின்சார நிறுவு திறன்’ என்று மாறியிருந்தது. 500 ஜிகாவாட் இன்றும் அரசின் இலக்காகவே பேசப்படுகிறது. ஆனால் உலகத்துக்குக் கையெழுத்திட்டுத் தந்தது எது, உள்ளூரில் சொல்லிக்கொள்வது எது என்று பிரித்து வைக்காமல் மேலே போகக் கூடாது.

நிறுவு திறன் என்ற சொல்லில் கொஞ்சம் நின்று பாருங்கள். 100 மெகாவாட் சூரிய மின் நிலையமும் 100 மெகாவாட் அனல் மின் நிலையமும் திறனில் சமம். ஆண்டு முழுக்கத் தரும் யூனிட்டில் சமமே இல்லை, இரவில் சூரியன் கிடையாது. இந்தியா தன் 50 சதவீத இலக்கை 2025 ஜூனிலேயே, ஐந்து ஆண்டு முன்னதாகவே எட்டிவிட்டது. உண்மையிலேயே பெரிய சாதனை அது, பலருடைய உழைப்பு. ஆனால் 2024-25இல் நாட்டின் மின்சாரத்தில் 70 சதவீதத்துக்கு மேல் நிலக்கரியிலிருந்தே வந்தது. இரண்டும் உண்மை. வாயு வெளியேறுவது எரிக்கும் நிலக்கரியிலிருந்து என்பதால் நீங்கள் பின்தொடர வேண்டியது யூனிட்டை.

அடுத்தது அடிப்படை ஆண்டு. ‘இத்தனை சதவீதம் குறைப்போம்’ என்றால் எந்த ஆண்டிலிருந்து என்று உடனே கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 1990ஐ வைத்துக்கொள்கிறது. அதற்குப் பின்னால்தான் கிழக்கு ஜெர்மனி உட்பட பழைய சோஷலிச நாடுகளின் கனரகத் தொழிற்சாலைகள் மூடப்பட்டன, அந்தக் குறைவும் கணக்கில் சேர்ந்துவிட்டது. ஜப்பான் எடுத்துக்கொண்டது 2013. ஃபுகுஷிமா விபத்துக்குப் பிறகு அணு உலைகள் நின்றுபோய், நிலக்கரியும் எரிவாயுவும் அதிகம் எரிந்து, உமிழ்வு உச்சத்தில் இருந்த காலம் அது. அங்கிருந்து பார்த்தால் 46 சதவீதம் பெரிதாகத் தெரியும். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் நாடுகளை ஒப்பிட வேண்டுமானால் எல்லா இலக்கையும் டன்னாக மாற்றி, கடைசியாக வந்த கணக்கெடுப்பிலிருந்து எவ்வளவு குறைய வேண்டும் என்று நீங்களே போட்டுப் பார்க்க வேண்டும்.

செறிவு இலக்கும் அப்படித்தான். இந்தியாவின் 45 சதவீதம், ஒரு ரூபாய் மதிப்புள்ள உற்பத்திக்கு எவ்வளவு வாயு வெளியேறுகிறது என்பதில் வரும் குறைப்பு, 2005 மட்டத்திலிருந்து. பொருளாதாரம் இரண்டு மடங்கானால் 2 × 0.55 = 1.10, அதாவது மொத்த உமிழ்வு 10 சதவீதம் கூடும். மூன்று மடங்கானால் 1.65. வளர வேண்டிய நாடு இப்படி இலக்கு வைப்பதை நான் நியாயம் என்றே நினைக்கிறேன், தலைக்கு எவ்வளவு என்று பார்த்தால் நாம் பணக்கார நாடுகளுக்கு வெகு கீழே இருக்கிறோம். ஆனால் ‘குறைப்பு’ என்ற சொல்லைப் பார்த்து மொத்தமே குறைகிறது என்று யாராவது சொன்னால் இந்தப் பெருக்கலைப் போட்டுக் காட்டுங்கள்.

எந்த வாயு என்பதையும் பாருங்கள். மீத்தேன் நூறு ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல 28 மடங்கு வெப்பப்படுத்தும், இருபது ஆண்டுக் கணக்கில் 80 மடங்குக்கு மேல். ஆடு மாடும் நெல் வயலும் உள்ள நாட்டுக்கு இது சின்ன விஷயம் இல்லை. நியூசிலாந்து 2019இல் சட்டம் போட்டபோது கால்நடை போன்ற உயிரின மூலங்களிலிருந்து வரும் மீத்தேனுக்குத் தனி இலக்கு வைத்தது, எல்லாவற்றையும் ஒரே எண்ணுக்குள் போட்டுக் கலக்கவில்லை. படிப்பவருக்கு அது வசதி.

சரி, இப்போது உண்மையான வேலை. ஒரு தாளில் மேலிருந்து கீழாக ஐந்து நெடுக்குப் பத்தி போடுங்கள்: நடவடிக்கை, எத்தனை டன், எந்த ஆண்டுக்குள், யார் பொறுப்பு, பணம் எங்கிருந்து. திட்டத்தில் வரும் ஒவ்வொரு நடவடிக்கையையும் இதில் எழுதுங்கள். ‘ஊக்குவிக்கப்படும்’, ‘ஆராயப்படும்’ என்று முடியும் வரிகளுக்கு டன் பத்தி காலியாகவே இருக்கும், அதை நிரப்ப முயலாதீர்கள். கடைசியில் டன்களைக் கூட்டி, இலக்கோடு ஒப்பிடுங்கள்.

இதை ஒரு நீதிமன்றமே செய்திருக்கிறது. பிரிட்டனில் 2008இல் வந்த காலநிலை மாற்றச் சட்டப்படி ஐந்தாண்டுக்கு ஒரு கார்பன் வரம்பு உண்டு. அரசு வெளியிட்ட நிகர பூஜ்ஜிய உத்தியை எதிர்த்துத் தன்னார்வ அமைப்புகள் வழக்குப் போட்டன. கூட்டிப் பார்த்தபோது, 2033 முதல் 2037 வரையான வரம்புக்குத் தேவையான குறைப்பில் 95 சதவீதத்துக்குத்தான் அளவிடப்பட்ட நடவடிக்கைகள் கணக்குச் சொல்லின. மீதி 5 சதவீதம் எங்கிருந்து வரும் என்பது நாடாளுமன்றத்துக்குச் சொல்லப்படவில்லை. 2022 ஜூலையில் உயர் நீதிமன்றம் அந்த உத்தி சட்டத்துக்கு முரணானது என்றது. அரசு புதிய திட்டம் தந்தது. 2024 மே மாதத்தில் அதுவும் தோற்றது. எல்லா நடவடிக்கைகளும் முழுமையாக நிறைவேறும் என்ற தவறான புரிதலில் அமைச்சர் முடிவெடுத்திருந்தார் என்பது ஒரு முக்கியமான காரணம். எத்தனை அரசுத் திட்டம் நூறு சதவீதம் முடிந்து நாம் பார்த்திருக்கிறோம்? ஆகவே ஒவ்வொரு வரியிலும் நடக்காமல் போகும் வாய்ப்பையும் குறித்துவையுங்கள்.

துறைகளுக்கு இடையில் பார்ப்பதுதான் இந்த வேலையிலேயே எனக்குப் பிடித்த பகுதி. ஒரு துறையில் மிச்சமாவது இன்னொரு துறையில் செலவாக வரும். இந்தியாவின் பசுமை ஹைட்ரஜன் இயக்கம் 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் என்கிறது. நீரை மின்சாரத்தால் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க சுமார் 50 யூனிட் வேண்டும். பெருக்கினால் 25,000 கோடி யூனிட். இதற்காக சுமார் 125 ஜிகாவாட் புதுப்பிக்கத்தக்க மின் திறன் புதிதாக வேண்டும் என்று அரசே சொல்கிறது. அந்தத் திறன் ஆண்டு முழுக்கத் தரக்கூடியதைப் போட்டுப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய பொருந்துகின்றன. இப்படி எண்கள் பொருந்தும்போது, கணக்குப் போட்டவர் யோசித்துத்தான் போட்டிருக்கிறார் என்று மனதுக்கு நிறைவாக இருக்கும். அடுத்த கேள்வியை உடனே எழுதுங்கள்: இந்த 125, அந்த 500க்குள் அடங்குமா, அதற்கு மேலா?

சிமெண்ட் இன்னும் நல்ல பாடம். சிமெண்ட் ஆலையின் உமிழ்வில் ஏறத்தாழ 60 சதவீதம் எரிபொருளிலிருந்து வருவதே இல்லை. சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லிலிருந்தே கரியமில வாயு பிரிகிறது. சூளைக்கு எதைப் போட்டு எரித்தாலும் அந்தப் பங்கு குறையாது. அதனால் ‘சிமெண்ட் துறை மாற்று எரிபொருளுக்கு மாறும்’ என்று மட்டும் திட்டத்தில் இருந்தால் பெரிய பாதி விட்டுப்போயிருக்கிறது. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு எடுக்கும் கிளிங்கர் என்ற மூலப்பொருளைக் குறைத்து அனல் மின் நிலையச் சாம்பலையும் உருக்காலைக் கசடையும் கலப்பது இன்று நடைமுறையில் இருக்கும் நல்ல வழி. ஆனால் மின்துறைப் பகுதியில் அனல் நிலையங்கள் மூடப்படும் என்றும், சிமெண்ட் பகுதியில் சாம்பல் கூடுதலாகச் சேர்க்கப்படும் என்றும் இருந்தால், அந்தச் சாம்பல் எங்கிருந்து வரும்? சுட்ட களிமண் கலந்த சிமெண்ட் பற்றித் திட்டம் பேசுகிறதா என்று அப்போது தேடுங்கள். இரண்டு அமைச்சகங்கள் ஒன்றையொன்று படித்தனவா என்பது இந்த மாதிரி இடத்தில்தான் தெரிந்துவிடும்.

காடுகள் பற்றிய பகுதியைப் பென்சிலால் வட்டமிடுங்கள். ‘நிகர’ என்ற சொல் நிற்பது அதன் மேல்தான். இந்தியாவின் 2020 கணக்கில் மொத்த உமிழ்வு சுமார் 296 கோடி டன், நிலமும் காடும் உறிஞ்சியதைக் கழித்தபின் சுமார் 244 கோடி டன். நடுவில் இருக்கும் 52 கோடி டன் மரங்களையும் மண்ணையும் நம்பியது. அடுத்து, 2030க்குள் காடு, மரப்பரப்பு மூலம் கூடுதலாக 250 முதல் 300 கோடி டன் என்பது என்டிசியின் இன்னொரு இலக்கு. எந்த நிலத்தில், என்ன மரம், ஏற்கெனவே அந்த நிலத்தில் மேய்ப்பவர் யார் என்று கேளுங்கள். தீ பிடித்தால் என்ன ஆகும் என்றும். 2023இல் கனடாவில் சுமார் 1.5 கோடி ஹெக்டேர் எரிந்தது. அப்படிப்பட்ட இயற்கைச் சேதத்தின் உமிழ்வை அந்த நாடு தன் இலக்குக் கணக்கில் சேர்ப்பதில்லை. காற்றுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

சர்வதேச விமானம், கப்பல் இவற்றுக்கான எரிபொருள் எந்த நாட்டின் மொத்தத்திலும் சேராமல் தனிக் குறிப்பாக நிற்கும். இறக்குமதிப் பொருளின் புகை அதைச் செய்த நாட்டின் கணக்கில். ஏற்றுமதி செய்த நிலக்கரியின் புகை அதை எரித்த நாட்டின் கணக்கில். ஓரத்தில் குறித்துக்கொண்டால் போதும்.

ஆண்டுப் பத்தியில் ஏமாந்துவிடாதீர்கள். கரியமில வாயு சேர்ந்துகொண்டே போகும் பொருள், எனவே எப்போது குறைக்கிறோம் என்பது எவ்வளவு குறைக்கிறோம் என்பதற்கு இணையானது. ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் 2021இல் சொன்னது இதைத்தான்: 2019ஆம் ஆண்டுக் காலநிலைச் சட்டம் பெரும் சுமையை 2030க்குப் பின்னால் தள்ளி, இளைய தலைமுறையின் சுதந்திரத்தைப் பாதிக்கிறது, எனவே ஒரு பகுதி அரசியல் சாசனத்துக்கு முரணானது. அரசு சில மாதங்களிலேயே 2030 இலக்கை 55 சதவீதத்திலிருந்து 65 ஆக்கி, நிகர பூஜ்ஜிய ஆண்டை 2045க்கு முன்னே கொண்டுவந்தது. தொலைதூர ஆண்டு மட்டும் இருந்து, இடையில் படிக்கட்டு இல்லாத திட்டம் எனக்குக் கவலை தருகிறது. கையெழுத்திடுபவர்கள் யாரும் அந்த ஆண்டில் பதவியில் இருக்க மாட்டார்கள்.

பணப் பத்திக்கு பட்ஜெட்டைத் திறந்து அதே திட்டத்தின் பெயரைத் தேடுங்கள். ஒதுக்கியதோடு நிற்காமல், முந்தைய ஆண்டின் திருத்திய மதிப்பீட்டையும் உண்மைச் செலவையும் பாருங்கள். அதே கையோடு ‘தொழிலாளர்’ என்ற சொல்லையும் தேடுங்கள். ஸ்பெயின் அரசு 2018இல் நிலக்கரிச் சுரங்கங்களை மூடும்போது தொழிற்சங்கங்களோடு ஒப்பந்தம் போட்டு 25 கோடி யூரோ தர ஒப்புக்கொண்டது, முன்கூட்டிய ஓய்வும் மறுபயிற்சியும் அதில் இருந்தன. ஜெர்மனி 2038க்குள் நிலக்கரியை விட 2020இல் சட்டம் இயற்றியபோது அந்தப் பகுதிகளுக்கு 4,000 கோடி யூரோ வரை ஒதுக்கியது. சுரங்க ஊர்களுக்கு ஒரு வரிகூட இல்லாத திட்டம் அந்த ஊர்களின் எதிர்ப்பில் நின்றுபோகும். அதைவிட, அந்த மக்களை அப்படி விடுவது அநியாயம்.

தாள் நிறைந்ததும் காலியான கட்டங்களைக் கேள்விகளாக மாற்றுங்கள். ஒரு கடிதத்துக்கு ஒரு கேள்வி, பக்க எண்ணோடு. ‘காலநிலை மாற்றத்துக்கு என்ன செய்கிறீர்கள்?’ என்று கேட்டால் உரைதான் பதிலாக வரும். ‘இந்த நடவடிக்கையால் 2030இல் எத்தனை டன் குறையும், அதைக் கணக்கிட்ட முறை எது?’ என்று கேட்டால் எண் வரும், அல்லது எண் இல்லை என்ற ஒப்புதல் வரும். இந்தியாவில் 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி முப்பது நாளில் பதில் தர வேண்டும். கேள்வியின் நகலை உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் அனுப்புங்கள், அவையில் எழுத்துமூலக் கேள்வியாக அவர் அதைக் கேட்க முடியும். பாரிஸ் ஒப்பந்தப்படி வெளிப்படைத்தன்மை அறிக்கை இரண்டாண்டுக்கு ஒருமுறை வர வேண்டும். அடுத்தது வந்ததும் அதே தாளில் புதுப் பத்தி ஒன்றைச் சேர்த்து, உண்மையில் குறைந்த டன்னை அதில் எழுதுங்கள்.