தோட்டத்துச் சபையில் பாட்டு நடத்தப் போகிற தம்பி தங்கச்சிமாருக்கு

முதல் வேலை, சுருதியை இறக்குங்கள். யூடியூப்பில் கேட்ட பாட்டை அதே ஸ்கேலில் ஞாயிறு காலையில் எடுத்தால் சபை பாடாது, நீங்கள் பாடுவதைக் கேட்டுக்கொண்டு நிற்கும். அந்தப் பாட்டு பழகின குரலுக்கென்று ஸ்டூடியோவில் பதிவு செய்தது. நம்மிடம் வருகிறவர்களோ வாரம் முழுக்க மலையில் கொழுந்து எடுத்துவிட்டு, மேட்டிலுள்ள லய வரிசை வீடுகளிலிருந்து பனியில் நடந்து வந்தவர்கள், தொண்டை இன்னும் திறந்திருக்காது. பாட்டில் எந்த ஸ்வரம் உச்சம் என்று பாருங்கள், அது மேல் டி (D) ஸ்வரத்தைத் தாண்டினால் கீபோர்டில் சுருதியை மாற்றுகிற ட்ரான்ஸ்போஸை மைனஸ் 2 அல்லது 3 வையுங்கள். அப்புறம் பாடிக்கொண்டே கடைசி வரிசையைப் பாருங்கள். ஸ்வெட்டருக்கு மேல் சால்வையைப் போர்த்திக்கொண்டு நிற்கிற பெரியம்மாவின் உதடு பல்லவியில் அசைந்து, சரணம் மேலே ஏறும்போது நின்றுவிடுகிறதா? அவருக்கு எட்டவில்லை. அடுத்த பாட்டை இறக்கி எடுங்கள்.

பாட்டுத் தெரிவுக்கு வியாழக்கிழமையே பாஸ்டரிடம் வேதபகுதியைக் கேட்டு வாங்கிவிடுங்கள். நாலு பாட்டு போதும், அதில் மூன்றாவது எல்லோருக்கும் தெரிந்ததாக இருக்கட்டும். புதுப் பாட்டு மாதத்துக்கு ஒன்று, அதையும் ஆராதனை தொடங்குமுன் இரண்டு தடவை சொல்லிக்கொடுத்துவிட்டு. திரையில் வரி போட்டாலும் எழுத்து வாசிக்காதவர்களும் கண் மங்கினவர்களும் இருக்கிறார்கள், அதனால் ஒவ்வொரு சரணத்துக்கும் முன்னால் முதல் அடியை எடுத்துக்கொடுங்கள், வேகமாக, தெளிவாக. "ஆவியோடு பாடுவேன், கருத்தோடும் பாடுவேன்" என்று பவுல் எழுதினார். வார்த்தை காதில் விழாமல் கருத்தோடு எப்படிப் பாடுவது?

கீர்த்தனையை விட்டுவிடாதீர்கள். கோப்பித் தோட்டக் காலத்தில், 1854-லேயே, இங்கே இலங்கை மலையகத்தில் தோட்டத் தொழிலாளருக்கான தமிழ் கூலி மிஷன் ஊழியம் தொடங்கிவிட்டது. புத்தகம் இல்லாமலே முழுக் கீர்த்தனை பாடுகிற பாட்டிமார் நம் சபைகளில் இன்னும் இருக்கிறார்கள், அவர்களிடம் போய் உட்கார்ந்து மெட்டைக் கேளுங்கள். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் ராகத்தில் கட்டின பாட்டுகள் அவை, எல்லாவற்றிலும் கிட்டார் கார்ட் சரியாக உட்காராது. இடறினால் கார்டை விட்டுவிட்டு ச, ப என்ற இரண்டு ஸ்வரத்தை மட்டும் பிடித்து வையுங்கள், தாளத்தை டோலக் பார்த்துக்கொள்ளும்.

டோலக் என்றதும் ஒன்று. ஈரக் காற்றில் தோல் தளர்ந்து சத்தம் அமுங்கிப்போகும், எனவே ஆராதனைக்கு அரை மணி முன்னால் தேத்தண்ணி அடுப்பின் அனலில், கை தாங்குகிற தூரத்தில் பிடித்துச் சூடுகாட்டுங்கள். நெருப்புக்குக் கிட்டக் கொண்டுபோனால் தோல் வெடிக்கும். கிட்டாரைக் கடைசி நிமிஷத்தில் கோயிலுக்குள் வைத்துத்தான் சுருதி சேர்க்க வேண்டும், வீட்டில் சேர்த்தது வரும் வழியிலேயே மாறிவிடும்.

மழைக்காலத்தில் கரண்ட் போகும். ஒரு முறை இரண்டாம் சரணத்தில் கீபோர்டும் மைக்கும் ஒன்றாக நின்றன, நானும் பயந்துபோய்ப் பாட்டை நிறுத்திவிட்டேன். நிறுத்தியிருக்கவே கூடாது. கையைத் தட்டித் தாளத்தைப் பிடித்திருந்தால் சபையே தூக்கிக்கொண்டு போயிருக்கும். அன்றிலிருந்து சனிக்கிழமைப் பயிற்சியில் ஒவ்வொரு பாட்டையும் ஒரு தடவை வாத்தியமே இல்லாமல் பாடுகிறோம். நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

பாட்டுக்கு நடுவில் பிரசங்கம் வேண்டாம். ஒரு வசனம், ஒரு சின்ன ஜெபம், சரி, அடுத்த பாட்டு. சபை நன்றாகப் பாடத் தொடங்கினதும் மைக்கிலிருந்து ஒரு அடி பின்னால் தள்ளி நில்லுங்கள், அவர்கள் சத்தம் அவர்களுக்கே கேட்கட்டும்.

ஆராதனை முடிந்து வாசலில் தேத்தண்ணி குடிக்கும்போது அந்தப் பெரியம்மாவிடம் எந்தப் பாட்டு கஷ்டமாக இருந்தது என்று கேளுங்கள். சொன்னதை ஸ்கேலோடு ஒரு கொப்பியில் எழுதி கீபோர்ட் பையிலேயே வைத்துவிடுங்கள், நீங்கள் வராத ஞாயிறு இன்னொருவர் அதைப் பார்த்து நடத்தலாம்.